மணி கோத்த கைப்பை

அரும்பொருட்காட்சிச் சாலைக்குச் செல்கிறவர்கள் வாளையும் கேடயத்தையும் மணிமுடியையும் கண்டு வியந்து நிற்பார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணின் கைப்பை வைக்கப்பட்டிருந்தால், அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். இன்று நாம் அப்படிப்பட்ட கைப்பை ஒன்றின் முன் சற்று நின்று பார்ப்போம். ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவான மணிப்பை அது. அதன் பின்னே ஒரு பெரிய கேள்வி மறைந்திருக்கிறது. அழகான பொருளைச் செய்கிறவனுக்கு உரிய மதிப்பு என்ன, அந்தப் பொருள் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

அதன் உருவம் எளிது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்புறம் முழுவதும் கடுகு போன்ற கண்ணாடிப் பாசிமணிகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், அல்லது வளைந்து வளைந்து செல்லும் கோடுகள், அல்லது இயற்கைப் பூவைப் போல் இல்லாமல் எளிய வடிவமாகச் சுருக்கப்பட்ட பூக்கள் ஆகியவை அந்த மணிகளாலேயே தோன்றுகின்றன. உள்ளே பட்டுத் துணி. வாயைச் சுருக்கக் கயிறோ, மூடித் திறக்க உலோகச் சட்டமோ இருக்கும்.

இத்தகைய மணிப்பையைச் செய்ய இரண்டு முறைகள் உண்டு. துணியின்மேல் ஊசி நூலால் மணிகளைத் தைத்துக்கொண்டே போவது ஒன்று. மற்றொன்று இன்னும் நுட்பமானது. பின்னத் தொடங்குவதற்கு முன்பே எல்லா மணிகளையும் நீண்ட நூலில் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு கொக்கி ஊசியால் பின்னும்போது, கண்ணி ஒன்றுக்கு மணி ஒன்றாகத் தள்ளிச் சேர்க்க வேண்டும். கடைசியில் கோத்த மணிதான் பின்னலில் முதலில் வரும். ஆகவே சித்திரத்தை முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி, தலைகீழாக எண்ணிக் கோக்க வேண்டும். வெள்ளை வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மணி கூடுதலாகப் புகுந்துவிட்டால், அதற்குப் பின் வரும் சித்திரம் முழுவதும் ஓர் இடம் நகர்ந்துவிடும்.

இதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பையின் அகலம் 15 சென்டிமீட்டர், உயரம் 18 சென்டிமீட்டர், மணி ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 100 மணிகள். அத்தகைய வரிசைகள் 120. ஒரு பக்கத்துக்கு 12,000 மணிகள், இரு பக்கத்துக்கும் 24,000. நிமிடத்துக்குப் பத்து மணிகளைப் பின்னினாலும், பின்னுவதற்கு மட்டும் 40 மணி நேரம் ஆகும். முன்னதாகக் கோத்த நேரம் இதில் சேரவில்லை. மணி கோப்பது உண்மையிலேயே மணிக்கணக்கான வேலைதான்!

இந்த உழைப்புக்கு மதிப்புத் தேடித் தர எழுந்த நிறுவனம் வீனர் வெர்க்ஷ்டேட்டே. வியன்னாப் பட்டறை என்பது அப்பெயரின் பொருள். 1903ஆம் ஆண்டில் அதை நிறுவியவர்கள் மூவர். கட்டடக் கலைஞர் யோசெப் ஹோப்மன், ஓவியர் கொலமான் மோசர், பொருளுதவி செய்த தொழிலதிபர் பிரிட்ஸ் வேர்ண்டார்பர் ஆகியோரே அவர்கள். அப்போது இயந்திரங்கள் மலிவான பண்டங்களை மலைமலையாகக் குவித்துக்கொண்டிருந்தன. பழங்கால அலங்காரங்களை அச்சில் வார்த்து ஒட்டிய, உயிரற்ற பண்டங்கள் அவை. தொழிலாளி இயந்திரத்தின் ஓர் உறுப்பாகச் சுருங்கிக்கொண்டிருந்தான்.

இதற்கு எதிர்ப்பு முதலில் இங்கிலாந்தில் தோன்றியது. வில்லியம் மாரிஸ் வழிகாட்டினார். அவர் வழியில் ஆஷ்பி என்பவர் 1888ஆம் ஆண்டில் லண்டனில் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார். 1900இல் வியன்னாவில் நடந்த கண்காட்சியில் அச்சங்கத்தின் பொருள்கள் இடம்பெற்றன. வியன்னாக் கலைஞர்களுக்கு அவை ஊக்கமளித்தன. இதே ஆஷ்பியுடன் தொடர்புகொண்டிருந்தவர், இலங்கைத் தமிழரான முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி என்பதை நாம் நினைவில் கொள்ளலாம். சிங்களக் கைவினைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சாகி 1908இல் வெளிவந்தது. கைத்தொழிலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாளில் ஒரு நாட்டோடு நிற்கவில்லை.

வியன்னாப் பட்டறையார் 1905இல் தம் கொள்கைகளை அறிக்கையாக வெளியிட்டனர். பொருளின் பயன்பாடே முதன்மையானது; பொன்னாலும் மணியாலும் மட்டும் ஒரு பொருள் உயர்ந்துவிடுவதில்லை, வேலையின் செம்மையே அதை உயர்த்துகிறது; கைவினைஞனின் உழைப்பை ஓவியனின் படைப்போடு ஒத்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். விலைக் குறைப்பில் தாங்கள் போட்டியிடப் போவதில்லை என்றும் கூறினர். மலிவு என்பது பெரும்பாலும் தொழிலாளியின் வயிற்றில் அடித்தே பெறப்படுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வெறும் பேச்சோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பட்டறையின் உலோகப் பொருள்களைத் திருப்பிப் பார்த்தால் சிறு முத்திரைகளைக் காணலாம். ரோஜாப் பூவும் பட்டறையின் எழுத்துகளும் நிறுவனத்தின் அடையாளங்கள். அவற்றோடு, வடிவத்தை வரைந்த கலைஞரின் முதலெழுத்துகளும், அதை அடித்து உருவாக்கிய கொல்லரின் முதலெழுத்துகளும் பக்கத்தில் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணியவனும் செய்தவனும் சரிநிகர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா?

ஆனால் மணிப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் நிலைமை வேறு. உள்துணியில் பட்டறையின் பெயரைக் காணலாம். ஆயிரமாயிரம் மணிகளைக் கோத்த விரல்களுக்கு உரியவரின் பெயரைக் காண்பது அரிது. உலோகக் கொல்லருக்குக் கிடைத்த பெருமை மணி கோத்தவருக்கு எட்டவில்லை. உயர்ந்த கொள்கையும் எல்லா வாசல்களுக்கும் ஒரே வேகத்தில் சென்று சேர்வதில்லை.

எனினும் வடிவம் வரைந்த பெண்களுக்கு இப்பட்டறை ஒரு கதவைத் திறந்துவிட்டது. வியன்னாவின் நுண்கலைக் கழகம் 1920 வரை பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹோப்மனும் மோசரும் ஆசிரியர்களாயிருந்த கைவினைக் கலைப் பள்ளியோ பெண்களையும் ஏற்றது. முதல் உலகப் போரில் ஆடவர் பலர் போர்முனைக்குச் சென்றபோது, அங்குப் பயின்ற பெண்கள் பட்டறையில் பெருகினர். மரியா லிகார்ட்ஸ், மத்தில்டே பிளோகல், பெலிசே ரிக்ஸ் போன்றோர் துணிகளுக்கும் மணி வேலைகளுக்கும் பிற பொருள்களுக்கும் புதுப்புது வடிவங்களை வரைந்தனர். இவர்களுள் பெலிசே ரிக்ஸ் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஒருவரை மணந்து, கியோட்டோ நகரில் குடியேறி, அங்கே வடிவக் கலையைக் கற்பித்தார்.

இப்பெண்களின் வேலையை ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். வெற்று அலங்காரத்தைக் கடுமையாக எதிர்த்த கட்டடக் கலைஞர் அடோல்ப் லூஸ், 1927இல் இப்பட்டறையைத் தாக்கிச் சொற்பொழிவாற்றினார். அவர் வாதத்தில் சிந்திக்கத்தக்க பகுதி உண்டு. தேவையற்ற அலங்காரம் உழைப்பை வீணாக்கும் என்பது புறக்கணிக்கக்கூடிய கருத்தன்று. ஆனால் பெண்கள் செய்ததாலேயே ஒரு வேலை அற்பமாகிவிடும் என்ற தொனி அந்நாளைய கண்டனங்களில் கலந்திருந்தது. அதை நாம் ஏற்க முடியாது. தலைகீழாக எண்ணி இருபதாயிரம் மணிகளைப் பிழையின்றி நிறுத்தும் ஒழுங்கு, பாலம் கட்டும் பொறியாளரின் ஒழுங்குக்கு எவ்வகையில் தாழ்ந்தது?

இனிப் பட்டறையின் முடிவைக் கூற வேண்டும். வேலைக்கு உரிய ஊதியமும் செம்மைக்கு உரிய நேரமும் கொடுத்தால் விலை ஏறத்தானே செய்யும்? அந்த விலையைக் கொடுக்க வல்லவர்கள் செல்வர் மட்டுமே. மக்களின் வாழ்க்கையை அழகுபடுத்தப் புறப்பட்ட பட்டறை, சிலருடைய மாளிகைகளை மட்டும் அழகுபடுத்துவதாக முடிந்தது. வேர்ண்டார்பர் தம் செல்வத்தை அதிலே கரைத்துவிட்டு, 1914இல் அமெரிக்கா சென்றார். பின்னர் பிரிமவேசி என்ற வங்கிக் குடும்பம் கைகொடுத்தது. போருக்குப் பின் பேரரசு சிதைந்தது. பணத்தின் மதிப்பு வீழ்ந்தது. 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932இல் வியன்னாப் பட்டறை மூடப்பட்டது. எஞ்சிய சரக்கு ஏலம் போயிற்று. வடிவ வரைபடங்களும் ஆவணங்களும் 1955இல் வியன்னாவின் பயன்கலைக் காட்சிச்சாலையை அடைந்தன. இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

அப்படியானால் அவர்கள் முயற்சி தோல்விதானா? வாணிபக் கணக்கில் தோல்வி; ஐயமில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. செய்தவனுக்கு நியாயமான கூலி கொடுத்தால் பொருள் ஏழைக்கு எட்டுவதில்லை. ஏழைக்கு எட்டும்படி விலையைக் குறைத்தால் செய்தவன் ஏழையாகிறான். இந்த முடிச்சை அவர்களால் அவிழ்க்க இயலவில்லை. நாமும் அதை இன்னும் முழுவதும் அவிழ்த்துவிடவில்லை. ஆனால் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

மாணவ நண்பர்களே, கையால் செய்த பொருள் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, விலைச் சீட்டைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். இதை எண்ணியவர் யார், செய்தவர் யார், அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வியன்னாக் கைப்பையின் உள்துணியில் விடுபட்டுப்போன பெயர், அந்தக் கேள்வியைத்தான் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.