விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா?



நவம்பர் மாதக் கடைசி. சிங்கப்பூரில் மழை பிடித்துக்கொண்டது. சௌத் பிரிட்ஜ் ரோட்டு அஞ்சடியில் ஒதுங்கி நிற்கிறோம். இடத்தின் பெயர் என்னவோ சைனாடவுன். ஆனால் கண்ணெதிரே இருப்பது 1827இல் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயில். கூப்பிடு தூரத்தில் சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல். கப்பலை விட்டு இறங்கி, வேலையும் இல்லாமல் படுக்க இடமும் இல்லாமல் தவித்த நம் முன்னோருக்கு அந்தக் கோயில்தான் அடைக்கலம் கொடுத்தது. வந்தவனை 'யார், எந்த ஊர்' என்று விசாரித்து ஒரு மூலை காட்டிய இடம் அது.

நம் பக்கத்தில் வயதான அம்மா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். ஜொகூரில் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்து, மகள் வீட்டோடு இங்கே வந்துவிட்டவராம்.

"எங்கம்மா, இந்த மழையில?"

"நாளைக்குத் திருவருகைக் காலம் தொடங்குதுல்ல தம்பி. கோயில்ல ஜெபம் இருக்கு. லூர்து மாதா கோயிலுக்குப் போகணும்."

நம் வாசகர்களில் பலர் முருகனடியார்கள். மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்ட காத்திருப்புக் காலமே திருவருகைக் காலம். சீர்திருத்தச் சபையார் ஆகமன காலம் என்பார்கள். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று அது தொடங்கும். வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

இந்த மெழுகுவர்த்தி வழக்கம் மாளிகையில் பிறந்ததல்ல! 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார் யோஹான் வீகர்ன் என்ற போதகர். "பண்டிகை எப்ப வரும், எப்ப வரும்?" என்று பிள்ளைகள் தினமும் நச்சரிக்கவே, ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுவர்த்திகளைச் செருகி, நாளுக்கு ஒன்றாக ஏற்றி எண்ணச் சொன்னாராம். இல்லாத பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்த விளக்கு அது.

அம்மா சொன்ன லூர்து மாதா கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. அது ஓஃபிர் ரோட்டில் 1888இல் திறக்கப்பட்ட, தமிழ்க் கத்தோலிக்கருக்கான கோயில். அதற்கு முன் தமிழர்கள் எங்கே போனார்கள்? குவீன் ஸ்திரீட்டில் 1870 வாக்கில் எழுந்த பேதுரு-பவுல் கோயிலுக்கு. அங்கே சீனரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் மண்டியிட்டார்கள். பியேர் பாரிஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இரண்டு கூட்டத்தாரையும் கவனித்துக்கொண்டார். கிட்டத்தட்ட 18 ஆண்டுகள், பாஷை வேறு, சோறு வேறு, காத்திருப்பு ஒன்று!

திருவருகைக் காலத்தின் முதல் கட்டளை 'விழித்திரு' என்பது. எஜமான் எந்தச் சாமத்தில் வருவான் என்று தெரியாது, காவல்காரனே, தூங்காதே! இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய சனம் நாம். இந்தப் பட்டணத்திலும் ஒரு காலத்தில் கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருந்த சீக்கிய 'ஜாகா'க்களைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆனால் விழிப்பு என்பது வெறும் விளக்கு எரிவது அல்ல. 1941 டிசம்பர் 8. திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு முடிந்த இரவு. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. நாலு மணி சுமாருக்கு ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர் மீது வந்தன. அப்போது நகரத்தின் தெருவிளக்குகள் அத்தனையும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன! அணைக்க வேண்டியவர்கள் அணைக்கவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும் குண்டுகள் விழுந்தன. 61 பேர் மாண்டார்கள். விளக்கு இருந்தது, விழிப்பு இல்லை. அந்த விளக்கே எதிரிக்கு வழிகாட்டியது!

அதே போரில் மறுபக்கமும் உண்டு. இந்தச் சைனாடவுனிலே, தெலோக் ஆயர் வீதியில் சீன மெதடிஸ்டு ஆலயம் இருக்கிறது. 1889இல் பெஞ்சமின் வெஸ்ட் என்ற டாக்டர் ஒரு கடைவீட்டில் சீனத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துத் தொடங்கிய சபை அது. 1942இல் நகரம் வீழும் வேளையில் 300 பேர் வரை அந்த ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். விழித்திருந்த வீடு நாலு பேருக்குக் கதவைத் திறந்தது.

மழை விடுகிற மாதிரி இல்லை. அம்மா திடீரென்று ஒரு கேள்வி போட்டார்.

"தம்பி, பத்துக் கன்னிப்பொண்ணுங்க கதை தெரியுமில்ல? அஞ்சு பேருகிட்ட எண்ணெ இருந்துச்சு, அஞ்சு பேருகிட்ட இல்ல. கேட்டதுக்குக் குடுக்கமாட்டேன்னுட்டாளுங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை செய்யின்னு சொல்ற சாமி, இத எப்படி நல்லதுன்னு சொன்னாரு? சின்னப் புள்ளையிலேருந்து எனக்கு இது புரியல."

நமக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தோம். மாப்பிள்ளை வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்கினவர்கள்தான்! நடுச்சாமத்தில் பங்கு போட எண்ணெய் போதாது, மெய்தான். ஆனால் பொழுது சாயும்போது, கடை திறந்திருந்தபோது, "அடியே, உன் குப்பி காலியா இருக்கே, போய் வாங்கிட்டு வா" என்று சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லையே! ஒருவருக்காக இன்னொருவர் விழித்திருக்க முடியாது. ஆனால் ஒருவரை இன்னொருவர் எழுப்பலாம். கதவு அடைபட்ட பிறகு செய்யும் உதவி, உதவியாகாது.

இதை எழுதும்போது நாம் வாழ்ந்த லயம் நினைவுக்கு வருகிறது. கடைசி வீட்டுப் பாட்டி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். அடுப்புப் புகை வரவில்லை. பத்து வீட்டு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நம் வீட்டு விளக்கும்தான். நாலாம் நாள்தான் போய்ப் பார்த்தோம். பாட்டி பிழைக்கவில்லை. "நேத்தே வந்திருக்கலாமே" என்று எல்லாரும் சொன்னோம். அந்த 'நேற்று' இன்றைக்கும் நம்மைக் குத்துகிறது.

ஆகவே தோழர்களே, பால்மரமானாலும் செம்பனையானாலும், நாம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், இந்த நான்கு வாரத்துக்கு நான்கு காரியங்களைச் சொல்கிறோம்.

முதல் வாரம், உங்கள் வரிசையில் எந்த வீட்டில் அடுப்புப் பற்றவில்லை, எந்தக் கதவு திறக்கவில்லை என்று பாருங்கள்.

இரண்டாம் வாரம், சம்சுக்கு அடிமையான தோழனிடம் போதை ஏறுமுன் பேசுங்கள். ஏறியபின் பேசுவது நடுச்சாமத்து எண்ணெய்.

மூன்றாம் வாரம், பண்டிகைச் செலவுக்கு வட்டிக்காரனிடம் போக நினைப்பவனைத் தடுத்து நிறுத்துங்கள். நாலு பேர் சேர்ந்து கூட்டு போட்டால் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் புதுச்சட்டை வராதா?

நான்காம் வாரம், பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட பிள்ளை யார் என்று விசாரியுங்கள். அடுத்த ஆண்டுக்கான எண்ணெய் அந்தப் பிள்ளை!

இதே நாட்களில்தான் நம் வாசலில் கார்த்திகை அகலும் எரிகிறது. திரியைத் தூண்டாவிட்டால் எந்த விளக்கும் அவிந்துபோகும். தூண்டுவதற்கு ஒரு கை வேண்டும்.

மழை சற்று ஓய்ந்ததும் அம்மா கிளம்பினார். "பார்த்துப் போங்கம்மா, வழுக்கும்" என்றோம்.

"நீங்களும் பார்த்துப் போங்க தம்பி. வீட்டுக்குப் போயிட்டு எம் மகளுக்கு ஒரு போன் போடுங்க. நானும் போய்ச் சேர்ந்தேனான்னு கேட்டுக்கலாம்."

நாம் போட்டோம்.