ஈரம் பொறுக்காத வெள்ளி இலை

கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கடலோரமாக வீடும் விடுதியும் கட்டுகிறவர்கள் விரும்பிக் கேட்கும் செடிகளில் ஒன்று 'சில்வர் லீஃப்'. தாவரப் பெயர் லூகோஃபில்லம் ஃப்ரூட்டெசென்ஸ். டெக்சாஸிலும் மெக்சிகோவின் வடகிழக்கிலும் உள்ள சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள்தான் அதன் தாயகம். 2005-இல் டெக்சாஸ் இதைத் தன் மாநிலத்தின் மண்ணுக்குரிய புதராகவே அறிவித்தது. ஆளுயரம் வளரும், மழைக்காற்று வீசினால் ஊதா கலந்த ரோஜா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும்.

அந்த வெள்ளி நிறம் இலையின் நிறமல்ல. இலையைப் போர்த்தியிருக்கும் நுண்ணிய ரோமங்களின் நிறம் அது. வெயிலைத் திருப்பியடிக்கவும், இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கவும் செடி செய்துகொண்ட ஏற்பாடு. நம் ஊர் எருக்கிலையின் வெண்பஞ்சும் சிறுபூளையின் சாம்பல் பூச்சும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நிழலில் வைத்தால் ரோமம் குறைந்து இலை பச்சையடிக்கும், கொம்பு நீண்டு தொங்கும், பூவும் வராது. நாள் முழுக்க வெயில் விழாத இடத்தில் இதை வைக்கவே வேண்டாம்.

மாமல்லபுரத்து மணல் இதற்குக் கிடைத்த வரம். தண்ணீர் நொடியில் இறங்கிவிடும். கிளிஞ்சல் நொறுங்கிக் கலந்த மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. உப்புக் காற்றையும் ஓரளவு தாங்கும். ஆனால் அலைக்கு நேர் முகத்தில் நடாமல், சவுக்கு வரிசைக்கோ மதிலுக்கோ உட்புறம் நடுவது நல்லது.

செங்கல்பட்டுப் பக்கம் போனால் கதை வேறு. ஏரிப் பாசனத்தில் ஊறிய களிமண் நிலங்களில் இது வேரழுகிச் சாகிறது. அங்கே ஒன்றரை அடி மேடு போட்டு, செம்மண், ஆற்று மணல், உடைத்த செங்கல் ஜல்லி கலந்து, அதன்மேல் நட வேண்டும். தொழு உரம் ஒரு கை போதும். உரம் கூடினால் செடி கொழுத்துத் துவளும்.

மழைக்கு முன் நடுவது நம் வழக்கம். இந்தச் செடிக்கு அதை மாற்றியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தில் நட்டால் அடுத்த ஐப்பசிக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். ஆவணியில் நட்ட இளஞ்செடி, 2023 டிசம்பரின் மிக்ஜாம் போன்ற ஒரு புயல் மழையில் நாள்கணக்காக நீரில் நின்றால் பிழைப்பது அரிது. முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் விடலாம். பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும். புல்தரையின் நடுவில் வைத்துத் தினமும் குழாய் பீய்ச்சுவதுதான் நான் பார்த்தவரை இதைக் கொல்லும் பெரிய காரணம்.

கத்தரிப்பதிலும் நிதானம் வேண்டும். உருண்டையாக, பெட்டியாக மாதந்தோறும் வெட்டுகிறார்கள். பூ வருவது புதுக் கொம்பில். அதையே வெட்டி எறிந்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துவது நியாயமில்லை. மழை முடிந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை லேசான கவாத்து போதும். அப்போது கிடைக்கும் பாதி முற்றிய கொம்புகளை அரையடிக்கும் சற்றுக் குறைவாக நறுக்கி மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும்.

வாங்கும்போது இலையைப் பாருங்கள். லூகோஃபில்லத்தின் இலை சிறியது, நுனி மழுங்கியது. நீண்டு கூர்ந்த, பட்டுப்போல் மினுங்கும் வெள்ளி இலையோடு குட்டி உருண்டைக் காய்கள் இருந்தால் அது கோனோகார்ப்பஸ் என்ற வேறு மரத்தின் வெள்ளி வகை. குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் கோனோகார்ப்பஸ் நடுவதைத் தடை செய்துவிட்டன. நிறம் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.