ஒரே தெரு, ஒரே சதுர அடி, ரெண்டு வரி

இன்னைக்கு எபிசோடு சொத்து வரி பத்தி. “சொந்த வீடே இல்ல, எனக்கெதுக்கு”ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நீங்க கொடுக்குற வாடகைக்குள்ள அதுவும் உட்கார்ந்திருக்கு.

சென்னையை எடுத்துக்குவோம். இங்கே வீட்டோட மார்க்கெட் விலையை வெச்சு வரி போடறதில்லை. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும்னு மாநகராட்சி ஒரு மதிப்பு போடும். அதுல ஒரு சதவீதம்தான் அரையாண்டு வரி. நான் கோடு எழுதுற ஆள், அதனால எனக்கு இது ஒரு ஃபங்ஷன் மாதிரி. முக்கியமான இன்புட் மூணு: பரப்பளவு, தெரு, பயன்பாடு. மூணாவதுதான் விளையாட்டையே மாத்துது.

ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு ஒரு அடிப்படை மாத விலை உண்டு. குடியிருப்புக்கு 60 பைசாவுல இருந்து 2 ரூபாய் 40 பைசா வரைக்கும். குடியிருப்பு அல்லாததுக்கு 4 ரூபாய்ல இருந்து 12 ரூபாய் வரைக்கும். கவனிச்சீங்களா? வீட்டுக்கான உச்ச விலைகூட கடைக்கான ஆரம்ப விலையைத் தொடலை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 600 சதுர அடி, புதுக் கட்டடம், தெருவோட விலை வீட்டுக்கு 2 ரூபாய், கடைக்கு 8 ரூபாய்னு வெச்சுக்குவோம். வீட்டுக்கு மாசம் 1,200. ஓனரே குடியிருந்தா 25 சதவீதம் கழிவு, ஆக 900. இதை 10.92-ஆல பெருக்கணும். (12 மாசத்துல 9 சதவீதம் கழிச்சா வர்ற எண் அது. மொதல்ல பார்த்தப்போ யாரோ டைப்போ பண்ணிட்டாங்கன்னுதான் நெனச்சேன்.) ஆண்டு மதிப்பு 9,828 ரூபாய். அதே இடத்துல ஓனரே கடை நடத்தினா கழிவு 10 சதவீதம்தான். மதிப்பு 47,174 ரூபாய். கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு.

வீட்டை வாடகைக்கு விட்டா அந்த 25 சதவீதக் கழிவு கிடையாது. 9,828 இப்போ 13,104 ஆயிடும். அந்த வித்தியாசம் யார் தலையில விழும்னு வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, விகிதத்தை யார் முடிவு பண்றாங்க? காகிதத்துல மாமன்றம். நிஜத்துல அதுக்கு மேல இருந்து அழுத்தம் வரும். சென்னையில 1998-க்கு அப்புறம் ரொம்ப வருஷம் பொதுச் சீராய்வு நடக்கவே இல்லை. 2018-ல உயர்த்தினாங்க, 2019 நவம்பர்ல நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் 15-ஆவது நிதிக்குழு, சொத்து வரியைத் திருத்தினாத்தான் மானியம்னு நிபந்தனை போட்டுது. 2022 ஏப்ரல்ல மாநில அரசு உயர்வை அறிவிச்சுது, மாமன்றம் தீர்மானம் போட்டுது.

அந்த உயர்வு எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. சென்னையோட பழைய பகுதிகள்ல 600 சதுர அடி வரைக்குமான வீட்டுக்கு 50 சதவீதம், 1,800-க்கு மேல 150. வணிகக் கட்டடத்துக்கு 150. 2011-ல சேர்ந்த பகுதிகள்ல வீடுகளுக்கு 25-ல ஆரம்பிச்சு 100 வரைக்கும். சின்ன வீட்டுக்குக் குறைவா வெச்சது நியாயம்தான். ஆனா நம்ம 600 சதுர அடிக்குத் திரும்பி வாங்க. வீடு ஒண்ணரை மடங்கு, கடை ரெண்டரை மடங்கு. வரி சதவீதம் ரெண்டுக்கும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டா, அஞ்சு மடங்கா இருந்த இடைவெளி இப்போ எட்டு மடங்கு. வீட்டுக்கு ஓட்டு இருக்கு, கடைக்கு இல்லை. இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

எனக்கு உண்மையில உறுத்துறது வேற. சதவீதத்துல ஏத்தும்போது பழைய அடிப்படை விலை அப்படியே உள்ளே தங்கிடுது. அன்னைக்கு அமைதியா இருந்த ஒரு தெரு இன்னைக்கு கஃபேயும் ஷோரூமுமா மாறியிருக்கலாம். பக்கத்துத் தெரு அப்படியே இருக்கலாம். ரெண்டுக்கும் ஒரே சதவீதம் ஏறினா பழைய விகிதம் மாறவே மாறாது. 2024 செப்டம்பர்ல மாமன்றம் போட்ட 6 சதவீத உயர்வும் இப்படித்தான், அடிப்படை மேல இன்னொரு அடுக்கு. டேட்டாபேஸை அப்டேட் பண்ணாம அவுட்புட்டை மட்டும் பெருக்கிக்கிட்டே போற மாதிரி. தெருவாரியா அடிப்படை விலையை மறுபடி எழுதறதுதான் நிஜமான வேலை. அதைத் தொட்டா எந்தத் தெருவுக்கு ஏறும், எதுக்கு இறங்கும்னு ஒவ்வொரு கவுன்சிலரும் அவங்க வார்டுல பதில் சொல்லணும். வார்டு மொத்தம் 200.