தானுந்து முகப்புப் பலகை மீளமைப்பு

பழைய தானுந்துகளின் முகப்புப் பலகையில் காலப்போக்கில் தோன்றும் விரிசல்களைச் சரிசெய்து, இயன்றவரை முன்னைய தோற்றத்துக்கும் பயனுக்கும் கொண்டுவரும் பணி முகப்புப் பலகை மீளமைப்பு எனப்படும். வேகமானி முதலிய அளவிகளைத் தாங்கி, முன்கண்ணாடியின் கீழே அமைந்திருக்கும் பகுதியே முகப்புப் பலகை ஆகும். பேச்சு வழக்கில் இது டாஷ்போர்டு என்று அறியப்படுகின்றது. இக்கட்டுரை நுரை மெத்தையும் வைனைல் தோலும் கொண்ட பலகைகளைப் பற்றியது. 1969 ஆம் ஆண்டில் அறிமுகமான, சப்பானின் நிசான் நிறுவனத்துத் தயாரிப்பான டாட்சன் 240இசட் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். இவ்வகைத் தானுந்துகளில் விரிசல் இல்லாத மூலப் பலகை கிடைப்பது அரிது.

பெயரும் வரலாறும்

குதிரை வண்டிகளில், குளம்புகள் வாரியிறைக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாதவாறு முன்புறத்தில் மரத்தாலோ தோலாலோ ஆன தடுப்பு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் ஆங்கிலப் பெயரே டாஷ்போர்டு. குதிரையின் இடத்தில் எந்திரம் வந்த பின்னரும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

தொடக்ககாலத் தானுந்துகளில் மரப்பலகையும், பின்னர் வண்ணம் பூசிய உலோகத் தகடும் பயன்பட்டன. மோதலின்போது பயணிகளின் தலை இவற்றில் இடித்துக் கடும் காயங்கள் ஏற்பட்டன. போர்டு நிறுவனம் தனது 1956 ஆம் ஆண்டு மாதிரிகளில் மெத்தையிட்ட பலகையை விருப்பத் தேர்வாக அளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டில் தானுந்துப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ், உட்புற மோதல் பற்றிய 201 ஆம் எண் தரநிலை 1968 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 15 மைல் வேகத்தில் தலை போன்ற உருவம் ஒன்று பலகையில் மோதும்போது, அதன் வேகத்தளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தின் 80 மடங்கை 3 மில்லி நொடிக்கு மேல் தொடர்ந்து தாண்டக்கூடாது என்பது இத்தரநிலையின் முக்கிய விதி. எனவே இன்று விரிசல் விட்டுக் கிடக்கும் அந்த மெத்தை, அழகுக்காக மட்டுமன்றி உயிர் காக்கவும் அமைக்கப்பட்ட ஒன்றாகும்.

அமைப்பு

இவ்வகைப் பலகை மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடியில் உலோகம் அல்லது கடின நெகிழியாலான சட்டகம், நடுவில் பாலியூரித்தேன் நுரை, மேலே வைனைல் தோல் என்பன அவை. 240இசட் தானுந்தின் சட்டகம் உருக்கினால் ஆனது. அதன் பலகையின் நடுப்பகுதியில் மூன்று அளவிகள் ஆழமான குழிகளுக்குள் அமைந்துள்ளன. இத்தகைய வளைவுகளும் குழிகளும் மீளமைப்பைக் கடினமாக்குகின்றன.

விரிசல் தோன்றக் காரணங்கள்

வைனைல் தோலின் முதன்மைப் பொருள் பாலிவைனைல் குளோரைடு ஆகும். இது இயல்பில் விறைப்பானது. வீடுகளில் பயன்படும் பிவிசி நீர்க்குழாய்களும் இதே பொருளால் ஆனவையே. இதனை வளையும் தோலாக மாற்றுவதற்கு நெகிழ்வூட்டிகள் எனப்படும் எண்ணெய் போன்ற சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. இவை நெகிழியுடன் வேதிப்பிணைப்பில் இல்லாமல் மூலக்கூறுகளுக்கு இடையில் தங்கியிருப்பதால், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகின்றன. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் பிசுபிசுப்பான படலத்தின் ஒரு பகுதி இவ்வாறு வெளியேறிய பொருளே.

வெப்பம் இந்த இழப்பை விரைவுபடுத்துகின்றது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பங்கேற்று 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்ட தானுந்துகளின் முகப்புப் பலகை சராசரியாக 69 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியது. அடுக்குக் கண்ணாடியாலான முன்கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்தாலும், உள்ளே சேரும் வெப்பத்தைத் தடுப்பதில்லை.

நெகிழ்வூட்டியை இழந்த தோல் சுருங்க முயல்கின்றது. ஆனால் அது நுரையுடனும், நுரை சட்டகத்துடனும் ஒட்டியிருப்பதால் சுருங்க இயலாது. எனவே தோலில் இழுவிசை சேர்கின்றது. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வர, காற்றுத் துளைகள், ஒலிபெருக்கித் துளைகள், அளவிக் குழிகளின் விளிம்புகள் போன்ற இடங்களில் அவ்விசை குவிந்து தோல் பிளக்கின்றது. பிளந்தபின் வெளிச்சமும் காற்றும் பட்டு நுரை பொடியாகின்றது. தோலின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருள்கின்றன.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படுகின்றது. விரிசல் ஓரிடத்தில் தெரிந்தாலும், தோல் முழுவதும் முதுமை அடைந்திருக்கின்றது. ஒரு விரிசலை நிரப்பினால், எஞ்சிய இழுவிசை நிரப்பின் ஓரத்திலோ வேறிடத்திலோ புதிய விரிசலை உண்டாக்கக்கூடும். பல சீரமைப்புகள் ஓரிரு கோடைகளில் தோற்பதற்கு இதுவே காரணம்.

மீளமைப்பு முறைகள்

நிரப்புதல்

சில சிறிய விரிசல்கள் மட்டும் உள்ள பலகைக்கு இம்முறை ஏற்றது. இதன் படிகள் பின்வருமாறு:

1. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, கம்பிகளுக்கு அடையாளமிட்டு, ஒளிப்படம் எடுத்தபின் பலகையைக் கழற்றுதல்.
2. மேற்பரப்பைச் சோப்புநீராலும் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலாலும் துடைத்தல். முன்பு பூசப்பட்ட சிலிக்கோன் மெருகுப் பொருள் எஞ்சியிருந்தால் வண்ணம் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.
3. சுருண்ட ஓரங்களை வெட்டி நீக்குதல். விரிசலின் முனையில் சிறு துளையிட்டு, அது மேலும் நீள்வதைத் தடுத்தல்.
4. பொடிந்த நுரையை அகற்றிப் புதிய நுரையிட்டு, அதன்மேல் வளையும் தன்மை கொண்ட நிரப்புப் பொருளைப் பூசித் தேய்த்துச் சமப்படுத்துதல்.
5. பழுதில்லாத பகுதியிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, தோலின் வரிவடிவை நிரப்பின்மேல் பதித்தல்.
6. வைனைலுக்குரிய வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகத் தெளித்தல்.

தானுந்தின் உடற்பகுதிக்குப் பயன்படும் விறைப்பான பாலியெஸ்டர் பசை இதற்கு ஏற்றதன்று. வெப்பத்தில் அதுவும் தோலும் ஒரே அளவில் விரிவதில்லை.

மேலுறை பொருத்துதல்

பலகையின் வடிவத்தில் வார்க்கப்பட்ட மெல்லிய நெகிழி உறையைப் பசையிட்டு ஒட்டுவது மலிவானதும் விரைவானதும் ஆகும். விரிசல்கள் மறைந்துவிடும், எனினும் ஓரங்களில் உறையின் தடிப்பு தெரியும். பின்னர் உறையைப் பிரித்தால் மூலத் தோலும் உடன் கிழியலாம்.

புதுத்தோல் இடுதல்

பழைய தோலை முழுவதுமாக நீக்கி, நுரையைத் திருத்தி, சூடாக்கிய புதிய வைனைலை வெற்றிட அழுத்தத்தால் படியச் செய்வது இம்முறை. முதுமையடைந்த தோலே அகற்றப்படுவதால் மூலக்காரணம் நீங்குகின்றது. இதற்குச் சிறப்புக் கருவிகள் தேவை, செலவும் மிகுதி.

மாற்றுப் பலகை

240இசட் போன்ற விரும்பிச் சேகரிக்கப்படும் தானுந்துகளுக்குப் புதிதாக வார்க்கப்பட்ட பலகைகளும் விற்பனைக்கு வருகின்றன. வரிவடிவும் பளபளப்பும் மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாதுகாப்பு

இருகூறு நுரைகளிலும் சில வண்ணங்களிலும் உள்ள ஐசோசயனேட்டுகள் மூச்சிரைப்பு நோயை உண்டாக்கக்கூடியவை. ஆகவே காற்றோட்டமான இடமும், உரிய மூச்சுக் காப்பும், கையுறையும் இன்றியமையாதவை. பெரும்பரப்பில் நுரைக்குப் பதிலாகக் கடினப் பசையை நிரப்பினால், பலகை பார்வைக்குப் புதிதாயிருந்தும் மோதலைத் தாங்கும் மெத்தையாக இராது. பயணிக்கான காற்றுப்பை கொண்ட பிற்காலத் தானுந்துகளில், காற்றுப்பை வெளிப்படும் இடத்தை நிரப்புவதோ உறையால் மூடுவதோ உயிராபத்தை விளைவிக்கும்.

மூலத்தன்மை

ஒவ்வொரு விரிசலையும் சீரமைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பன்னாட்டுப் பழைய ஊர்திகள் கூட்டமைப்பு 2013 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம், வரலாற்று ஊர்திகளில் பேணிக் காத்தலுக்கு முதன்மை அளிக்கின்றது. செய்யப்படும் மாற்றங்களைப் பதிவுசெய்யவும் வலியுறுத்துகின்றது. தொழிற்சாலையில் இடப்பட்ட தோலை ஒருமுறை உரித்துவிட்டால் மீண்டும் பெற இயலாது. அரிய தானுந்தாயின், சிறு விரிசல்களை அப்படியே விட்டு மேலும் பெருகாமல் காப்பதே நல்லது. அன்றாடம் ஓடும் தானுந்தாயின் புதுத்தோலோ மாற்றுப் பலகையோ பொருந்தும். கழற்றிய மூலப் பலகையைக் குறிப்புடன் பாதுகாத்து வைக்கலாம்.

பேணல்

இழந்த நெகிழ்வூட்டியை மேற்பூச்சுகளால் முழுமையாக மீட்க முடியாது. இழப்பைத் தாமதப்படுத்துவதே இயலும். நிழலில் நிறுத்துதல், முன்கண்ணாடியின் உட்புறத்தில் வெயில் மறைப்பு வைத்தல், மென்மையான சோப்புநீரால் துடைத்தல், குளிரில் விறைத்திருக்கும் பலகையை அழுத்தாதிருத்தல் ஆகியன பயனுள்ள பழக்கங்கள். மீளமைக்கப்பட்ட பலகைக்கும் இவை பொருந்தும். அதே வெயிலுக்கு அதுவும் உட்படுகின்றது.