பள்ளிக் கணினிக்கும் வேண்டும் பாதுகாப்பு

வங்கி அட்டை தொலைந்துவிட்டதாக வாடிக்கையாளர் தெரிவித்தவுடன் அதனை முடக்கி, வேறு எண்ணுடன் புதிய அட்டையை வழங்குகிறோம். திருடியவர் கையில் இருப்பது வெறும் நெகிழித் துண்டாகிவிடுகிறது. ஆனால் ஒரு குழந்தையின் பிறந்த தேதியையோ மருத்துவக் குறிப்பையோ அவ்வாறு முடக்க இயலாது. மாற்றித் தரவும் இயலாது. இத்தகைய விவரங்கள் ஓரிடத்தில் குவிந்திருப்பது பள்ளி அலுவலகக் கணினியில்தான்.

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி நிர்வாகம் லாஸ் ஏஞ்சலிஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம். 2022 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய வார இறுதியில், அதன் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்தனர். விடுமுறை முடிந்ததும் பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன. எனினும் மாணவர், ஊழியர் அனைவரும் கடவுச்சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று. பிணைத்தொகை தர நிர்வாகம் மறுத்தது. அக்டோபரில் திருடப்பட்ட கோப்புகள் இணையத்தில் வெளியாயின. மாணவர் சுமார் 2,000 பேரின் உளவியல் மதிப்பீட்டு ஆவணங்களும் அவற்றுள் இருந்தமை பின்னர் தெரியவந்தது. பள்ளி மீண்டது; வெளியான விவரங்கள் மீளவில்லை.

இத்தகைய தாக்குதல்களுக்குப் பெரும்பாலும் வழிவிடுவது சிறு கவனக்குறைவே. 2017 மே மாதத்தில் 150 நாடுகளுக்கு மேல் பரவிய 'வானாகிரை' தீநிரல், விண்டோஸ் மென்பொருளிலிருந்த ஒரு குறையைப் பயன்படுத்திக்கொண்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே பெரிதும் பாதிப்புக்குள்ளாயின. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவடைந்துள்ளதால், பழைய கணினிகளைக் கொண்ட நம் பள்ளிகள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

பெருஞ்செலவின்றிப் பள்ளிகள் செய்யக்கூடியவை சில உண்டு. மாணவர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளையும் வைஃபையையும் அலுவலகப் பிணையத்திலிருந்து பிரித்து வைத்தல் முதலாவது. கட்டணக் கணக்கும் இணைய வங்கிச் சேவையும் இயங்கும் கணினியில் வெளியாரின் பென் டிரைவைச் செருக அனுமதித்தல் கூடாது. ஒரே கடவுச்சொல்லை அலுவலகம் முழுவதும் பகிர்வதைக் கைவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், கடவுச்சொல்லுடன் ஓடிபி கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் ஏற்படுத்த வேண்டும். பணியிலிருந்து விலகியோரின் கணக்கை அன்றே மூடிவிட வேண்டும். மதிப்பெண், வருகைப் பதிவு, கணக்கு ஆகியவற்றின் காப்பு நகலை வாரந்தோறும் எடுத்து, பிணையத்துடன் இணைக்காத வன்வட்டில் வைத்தல் வேண்டும். எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் நகலைத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும். அந்நகலிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்க முடிகிறதா என்று இடையிடையே சோதித்தும் பார்க்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகக் கருதுகிறது. தரவைக் காக்க உரிய ஏற்பாடு செய்யத் தவறுவோர்க்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டம் வகைசெய்கிறது.

பெற்றோர்க்கும் பங்குண்டு. பள்ளியின் பெயரில் கட்டண இணைப்போ புதிய வங்கிக் கணக்கு எண்ணோ குறுஞ்செய்தியில் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் பள்ளி அலுவலகத்தை அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் செலுத்துங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணிலும் தங்கள் வங்கியிலும் தெரிவியுங்கள். பணம் கைமாறுவதற்குள் தகவல் கிடைத்தால், அதனைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசியபின் இரு கேள்விகளையும் கேளுங்கள்: எம் குழந்தையின் விவரங்களை யார் யார் பார்க்க இயலும்? அவற்றின் காப்பு நகல் எங்கே உள்ளது? பள்ளியிடம் இவற்றிற்குத் தெளிவான விடை இல்லையெனில், பாதுகாப்புப் பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.