கடைசி தேதி நெருங்கிருச்சு... வருமானச் சான்று இன்னும் வரல! ஸ்காலர்ஷிப்புக்கு என்ன செய்யணும்?

கல்லூரியில் சேர்ந்தாச்சு. ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜும் வந்தாச்சு. ஆனால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த வருமானச் சான்று மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஏராளமான வீடுகளில் நடக்கும் கதை இது. ஒரே ஒரு தாள் தாமதமானதால் ஓராண்டு உதவித்தொகையே போய்விடும் ஆபத்து இருக்கிறது. என்ன செய்யலாம்? பார்ப்போம்.

வருமானச் சான்று ஏன் இவ்வளவு முக்கியம்?

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் இந்தச் சான்றுதான். சாதிச் சான்றை ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படியில்லை, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளஸ் 2 படிக்கும்போது வாங்கியதை வைத்து சமாளிக்கலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சான்று எங்கே நிற்கிறது?

விண்ணப்பம் முதலில் விஏஓ, அடுத்து வருவாய் ஆய்வாளர், பிறகு தாசில்தார் அலுவலகம் என்ற வரிசையில் போகும். இ-சேவை மையத்தில் தந்த ரசீதில் விண்ணப்ப எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டாலே யாரிடம் நிற்கிறது என்று இணையத்தில் தெரிந்துவிடும்.

விஏஓ-விடம் நின்றால் ரேஷன் கார்டு, ஆதார், சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டு திருப்பி அனுப்பியிருந்தால், அது தெரியாமல் பலர் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்க. விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண் உங்களுடையதா, மையத்துக்காரருடையதா என்பதையும் கவனிங்க. எஸ்எம்எஸ் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

ரசீதைத் தூக்கிப் போடாதீங்க!

ரசீது சான்றுக்கு மாற்று ஆகாது. ஆனால் உரிய நேரத்தில் விண்ணப்பித்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம். அதை நகல் எடுத்து, "சான்று கிடைத்தவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்று ஒரு கடிதத்துடன் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பிரிவைக் கவனிப்பவரிடம் கொடுங்கள். இன்னொரு நகலில் கையெழுத்து, தேதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது பிறகு கணக்கில் வராது.

பெயர், இனிஷியல் சரியா இருக்கா?

சான்று வந்தபிறகும் சிக்கல் வரும் இடம் இது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக என்று ஆளுக்கொரு மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் திருத்தம் என்றால் நாளாகும். எனவே சான்றுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அதை முடித்துவிடுவது நல்லது.

பணம் எந்த அக்கவுண்டுக்கு வரும்?

ஆதாருடன் இணைத்த மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டால் மட்டும் இணைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. நேரடி மானியம் பெற 'ஆதார் சீடிங்' தனியாகச் செய்திருக்க வேண்டும். எந்த வங்கியுடன் சீடிங் ஆகியிருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். கணக்கே இல்லாதவர்கள் தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு தொடங்கலாம்.

கடைசி தேதி முடிஞ்சே போச்சு. அப்போ?

ஒரு விண்ணப்பம் மூன்று படிகளைத் தாண்டுகிறது. மாணவர் பதிவு, கல்லூரியின் சரிபார்ப்பு, துறையின் ஒப்புதல். மாணவர் பதிவை முடித்திருந்தால், குறையைத் திருத்த கல்லூரி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. முதலில் அதைக் கேளுங்கள்.

பதிவே செய்யவில்லை என்றால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலோ பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலோ, ரசீது நகலுடன் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். சில சமயம் தேதி நீட்டிக்கப்படும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கல்லூரி ஃபீஸ் கேட்டு நெருக்கினால்?

அவசரப்பட்டு வட்டிக்கு வாங்கும் முன், உதவித்தொகை நிலுவையில் இருப்பதைக் குறிப்பிட்டு முதல்வரிடம் எழுத்துப்பூர்வமாக அவகாசம் கேளுங்கள். "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போ" என்றால் உஷார். அசல் சான்றுகளைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யூஜிசி அறிவித்திருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை

* விண்ணப்ப எண்ணைப் போட்டு, சான்று யாரிடம் நிற்கிறது என்று பாருங்கள்.
* ரசீது நகலுடன் கல்லூரியில் கடிதம் கொடுங்கள்.
* பெயர், ஆதார் சீடிங் இரண்டையும் சரிபாருங்கள்.

சான்று வந்த அன்றே அப்லோடு செய்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை போனில் சேமித்து வையுங்கள். அடுத்த ஆண்டு கல்லூரி திறப்பதற்கு முன்பே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டால், இந்த அலைச்சல் பாதியாகக் குறையும்.