வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்டப்படிப்பு முடித்து, திருமணமாகி, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் சகோதரிகள் நம் ஊர்களில் ஏராளம். கணவர் வளைகுடாவில் இருப்பார். வெளியூர் சென்று வேலை பார்க்கச் சூழ்நிலை இடம் தராது. படித்த படிப்பு வீணாகிறதே என்ற கவலை மட்டும் இருந்துகொண்டே இருக்கும். இவர்களைக் குறிவைத்து வரும் விளம்பரங்களில் ஒன்றுதான் "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிலுங்கள், வீட்டிலிருந்தே கை நிறையச் சம்பாதியுங்கள்" என்பது.

இது இல்லாத தொழில் அல்ல. 1990களின் பிற்பகுதியிலிருந்து சென்னை, கோவை, பெங்களூர், ஹைதராபாத் போன்ற நகரங்களில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட தொழில். ஆனால், விளம்பரம் சொல்வதைப் போல எளிதானதும் அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையும் இப்போது இல்லை. பணம் கட்டிவிட்டு வருந்துவதைவிட, முன்கூட்டியே விவரம் அறிந்து முடிவெடுப்பது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

என்ன வேலை இது?

அமெரிக்காவில் ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், நோயாளி என்ன சொன்னார், பரிசோதனையில் என்ன தெரிந்தது, என்ன நோய், என்ன மருந்து என்ற விவரங்களைப் பதிவுக் கருவியிலோ தொலைபேசியிலோ சொல்லி வைத்துவிடுவார். இதற்கு டிக்டேஷன் என்று பெயர். அந்த ஒலிக்கோப்பு இணையம் வழியாக நமக்கு வரும். ஹெட்போனில் கேட்டு, அதை முறையான மருத்துவ அறிக்கையாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவதே டிரான்ஸ்கிரிப்ஷன். ஒலியை நிறுத்தவும், பின்னுக்குத் தள்ளி மீண்டும் கேட்கவும் காலால் அழுத்தும் பெடல் ஒன்று உண்டு. கைகள் விசைப்பலகையை விட்டு எழத் தேவையில்லை.

அறிக்கைகளில் முக்கியமானவை நான்கு வகை: நோய் வரலாறும் உடற்பரிசோதனையும் அடங்கிய அறிக்கை, வேறொரு நிபுணரின் ஆலோசனை அறிக்கை, அறுவை சிகிச்சை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி. அடுத்து பார்க்கும் மருத்துவர் இவற்றை நம்பியே சிகிச்சையைத் தொடர்வார். காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதும், வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்ப்பதும் இவற்றைத்தான்.

நேர வித்தியாசமும் இந்தியாவுக்குச் சாதகமாக அமைந்தது. நியூயார்க்கில் மாலை ஐந்து மணிக்கு மருத்துவர் பேசி முடிக்கும்போது, கோடைக் காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை இரண்டரை மணி. அவர் உறங்கி எழுந்து மருத்துவமனைக்கு வருவதற்குள் அறிக்கை தயாராகிவிடும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடித்துத் தர வேண்டும். அவசர அறிக்கைகளுக்கு இன்னும் குறைந்த நேரமே கிடைக்கும்.

எதைக் கற்க வேண்டும்?

"எனக்கு டைப்பிங் தெரியும், போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. தட்டச்சு என்பது இதில் ஒரு சிறு பகுதி. உடற்கூறு, நோய்கள், மருந்துகளின் பெயர்கள், ஆய்வகப் பரிசோதனைகள், ஆங்கில இலக்கணம், பலவகை உச்சரிப்புகளைக் கேட்டுப் பழகுதல் ஆகிய அனைத்தும் வேண்டும். மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் மருத்துவ மொழி தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மொழி மனப்பாடம் செய்வதல்ல, பிரித்துப் புரிந்துகொள்வது. 'காஸ்ட்ரோ' என்றால் இரைப்பை. சொல்லின் முடிவில் 'எக்டமி' வந்தால் வெட்டி நீக்குவது, 'ஆஸ்டமி' வந்தால் திறப்பு ஏற்படுத்துவது, 'ஆட்டமி' வந்தால் கீறித் திறப்பது. ஆகவே காஸ்ட்ரெக்டமி, காஸ்ட்ராஸ்டமி, காஸ்ட்ராட்டமி மூன்றும் மூன்று வெவ்வேறு அறுவை சிகிச்சைகள். வேகமாகப் பேசும் மருத்துவரின் வாயில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும்.

இன்னொரு உதாரணம் 'இலியம்'. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றாவது எழுத்து 'ஐ' என்றால் அது இடுப்பு எலும்பு, 'ஈ' என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. காதுக்கு இரண்டும் ஒன்றே. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் புரிந்துகொண்டால்தான் எது சரி என்று தெரியும். செலிபிரெக்ஸ் மூட்டுவலிக்கான மருந்து, செலெக்ஸா மன அழுத்தத்துக்கான மருந்து. ஹைப்பர்டென்ஷன் உயர் இரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் குறைந்த இரத்த அழுத்தம். ஓர் அசை மாறினால் நோயே மாறிவிடுகிறது.

எனவே இந்தத் தொழிலில் முதலில் சொல்லித் தரப்படும் விதி: கேட்கவில்லை என்றால் ஊகித்து எழுதாதே, இடத்தை வெற்றாக விட்டுக் குறிப்பிட்டு அனுப்பு. அடுத்த நிலையில் இருக்கும் தரப் பரிசோதகர் அதைக் கேட்டு நிரப்புவார். அவராலும் முடியாவிட்டால் மருத்துவரிடமே கேட்கப்படும்.

ஒரு பூஜ்ஜியத்தின் விலை

இந்த விதி ஏன் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு போதும். 2008ல் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய நீரிழிவு நோயாளி ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், 8 யூனிட் என்று இருக்க வேண்டிய இன்சுலின் அளவு 80 யூனிட் என்று பதிவாகிவிட்டது. அந்தத் தாளை நம்பி அடுத்த இடத்தில் மருந்து செலுத்தப்பட்டது. அவர் இறந்துபோனார். தட்டச்சு வேலை துணை ஒப்பந்தங்கள் மூலம் கைமாறி இந்தியாவில் செய்யப்பட்டிருந்தது. 2012 டிசம்பரில் நடுவர் குழு விதித்த இழப்பீடு 14 கோடி டாலர்.

நாம் பார்க்காத, பெயர்கூட நினைவில் வைக்காத ஒரு மனிதரின் உயிர் நம் விரல் நுனியில் இருக்கிறது என்பதை இந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் உணர வேண்டும்.

நோயாளியின் ரகசியம் ஓர் அமானிதம்

நோயாளிகளின் தகவல்களைக் காக்க அமெரிக்காவில் 1996ல் ஹிப்பா என்ற சட்டம் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து வேலையை வாங்கிச் செய்யும் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. கோப்புகளை நம் கணினியில் சேமித்து வைப்பதோ, நகல் எடுப்பதோ, "இன்னைக்கு ஒரு கேஸ் வந்துச்சு..." என்று வீட்டில் பேசுவதோ கூடாது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று எண்ணினால் இந்தக் கட்டுப்பாடு பாரமாகத் தெரியாது.

2003ல் இது தொடர்பாக ஒரு சம்பவம் உலகச் செய்தியானது. சான் பிரான்சிஸ்கோவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் வேலை, பல துணை ஒப்பந்ததாரர்களின் கைமாறி, கடைசியில் கராச்சியில் இருந்த ஒரு பெண்ணுக்கு வந்தது. அவருக்குக் கூலி வந்து சேரவில்லை. பாக்கியைத் தராவிட்டால் நோயாளிகளின் அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுவேன் என்று மருத்துவமனைக்கே மின்னஞ்சல் அனுப்பினார். அவர் செய்தது தவறு. அவருடைய உழைப்புக்குக் கூலி தராததும் தவறு. நமக்கு இதில் இரண்டு பாடங்கள்: ரகசியத்தை எந்த நிலையிலும் ஆயுதமாக்கக் கூடாது. யாருக்காக வேலை செய்கிறோம் என்பதே தெரியாமல், இடைத்தரகருக்குக் கீழ் இன்னொரு இடைத்தரகர் என்ற சங்கிலியில் சிக்கவும் கூடாது.

வருமானம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வீட்டிலிருந்து செய்பவர்களுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை, வரிக் கணக்குதான். இங்கே 'வரி' என்பது திரையில் தெரியும் வரி அல்ல. இடைவெளிகளையும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டதே ஒரு வரி. 6,500 எழுத்துகள் தட்டச்சு செய்தால் 100 வரிகள்.

மருத்துவர் ஒரு நிமிடத்தில் 130 சொற்கள் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 12 வரிகள். புதிதாக வருபவருக்கு ஒரு நிமிட ஒலியை எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆவது சாதாரணம். அனுபவம் வந்தபின் நான்கு நிமிடத்தில் முடிக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால், புதியவர் 360 வரிகளும் அனுபவசாலி 900 வரிகளும் செய்யலாம். கணக்குக்காக வரிக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால், அதே உழைப்பு நேரத்துக்கு ஒருவருக்கு 360 ரூபாய், மற்றவருக்கு 900 ரூபாய். வரி விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பிழைகள் அதிகமானால் பிடித்தமும் உண்டு. துல்லியம் 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன.

"முதல் மாதமே முப்பதாயிரம்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை தெரிந்துவிடும்.

இன்றைய நிலை என்ன?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசு 2009ல் கொண்டுவந்த சட்டம், மருத்துவமனைகளைக் காகிதத்திலிருந்து மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு மாற ஊக்கத்தொகை கொடுத்து நகர்த்தியது. பல மருத்துவர்கள் கணினியில் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினர். கூடவே, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களும் வளர்ந்தன. அத்துறையின் முன்னணி நிறுவனமான நுவான்ஸை 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக 2021ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்ததிலிருந்தே இதன் வேகத்தை அறியலாம். இப்போது மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கேட்டு அறிக்கையின் வரைவையே செயற்கை நுண்ணறிவு தயாரிக்கிறது.

ஆகவே, முழுவதையும் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை சுருங்கிவிட்டது. இயந்திரம் எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தும் எடிட்டிங் வேலைதான் அதிகம். இதற்கு வரி விகிதமும் குறைவு. ஆனால் இயந்திரம் "இல்லை" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் இல்லாத நோய் இருப்பதாகிவிடும். அதைப் பிடிக்க மருத்துவ மொழி அறிந்த மனிதக் கண்ணும் காதும் வேண்டும்.

மருத்துவச் சொற்களும் உடற்கூறும் நன்றாகக் கற்றவர்கள் மெடிக்கல் கோடிங், மருத்துவருக்கு நேரலையில் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலை ஆகியவற்றுக்கும் மாறிக்கொள்ள முடியும். எனவே டிரான்ஸ்கிரிப்ஷனை மட்டுமே நம்பிப் படிக்காமல், இந்தக் கதவுகளையும் திறந்து வைத்துப் படிப்பதே இன்றைக்குப் புத்திசாலித்தனம்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

• பாடம் எத்தனை மாதம்? அதில் ஒலிக்கோப்பு கேட்டு எழுதும் பயிற்சி எத்தனை மணி நேரம்? புத்தகப் பாடம் மட்டும் என்றால் பயனில்லை.

• பயிற்சிக்கு மருத்துவர்களின் இயல்பான பேச்சு தரப்படுகிறதா, வகுப்பறையில் நிதானமாக வாசித்துப் பதிவு செய்ததா?

• எடிட்டிங் கற்றுத் தருகிறார்களா?

• பயின்று முடித்தவர்களில் இப்போது வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் பேச முடியுமா? இதற்குத் தயங்கினால் நாமும் தயங்க வேண்டும்.

• "வேலைக்கு உத்தரவாதம்" என்பதை எழுத்தில் தருவார்களா?

பல நிறுவனங்கள் புதியவர்களை நேரடியாக வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சில மாதங்களாவது அலுவலகத்திலோ, நெருக்கமான மேற்பார்வையிலோ பழகிய பிறகே வீட்டு வேலை கிடைக்கும்.

மோசடியை அடையாளம் காண்பது எப்படி?

வேலை தருபவர் தேர்வு வைப்பார், பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், மென்பொருள் கட்டணம், திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். இன்னொரு வகை மோசடி, ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வேலை கொடுப்பது. முடித்துத் தந்ததும் "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், பணம் கட்டாவிட்டால் வழக்கு" என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்புவார்கள். குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து பணம் கட்டும் சகோதரிகள் உண்டு. கட்ட வேண்டாம். வீட்டில் உடனே சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

வீட்டில் என்ன தேவை?

நல்ல கணினி, தடையில்லா பிராட்பேண்ட் இணைப்பு, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர், தரமான ஹெட்போன், கால் பெடல். இவற்றைவிட முக்கியம், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும். 24 மணி நேரக் கெடுவுக்குள் அடுப்படியும் விருந்தாளியும் குறுக்கிட்டால் வேலை நிலைக்காது. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று நினைக்காமல், அதுவும் ஒரு வேலைநேரம்தான் என்று குடும்பத்தார் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைப் படிக்கும் கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இது.

பணம் கட்டும் முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இணையத்தில் ஏதேனும் ஓர் ஆங்கில மருத்துவ விரிவுரையைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடம் மட்டும் கேட்டு, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து பாருங்கள். தெரியாத சொற்களை அகராதியில் தேடுங்கள். மறுநாள் அதையே மீண்டும் கேட்டுத் திருத்துங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். அலுப்புத் தட்டினால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது, கட்டவிருந்த பணம் மிச்சம். தேடத் தேட ஆர்வம் கூடினால், தயங்காமல் நல்ல பயிற்சி நிலையத்தைத் தேடுங்கள். பொறுமையோடு கற்றால், இன்ஷா அல்லாஹ், அந்தப் படிப்பு வீண்போகாது.